கைக்கு எட்டாத போல்ட்டும் டார்க் ரெஞ்சின் பிரமாணமும்

எஞ்சின் வேலையில் டார்க் ரெஞ்சுக்கு இன்று கிடைத்திருக்கும் மதிப்பு நியாயமானதே. ஆயினும் அந்த மதிப்பு கருவி காட்டும் எண்ணுக்குச் செல்கிறதேயன்றி, எந்த நிபந்தனைகளின் பேரில் அந்த எண் மெய்யாகிறதோ அவற்றுக்குச் செல்வதில்லை என்பதே என் குறை. கை தாராளமாக வீசக்கூடிய இடத்திலுள்ள போல்ட்டில் இந்த அசிரத்தை பெருங்கேடு விளைவிப்பதில்லை. சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில், எஞ்சின் அறையின் சுவரை ஒட்டிக் கிடக்கும் போல்ட்டிலும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் குழாய்களிடையே மறைந்திருக்கும் நட்டிலுமே அதன் விளைவு முழுவதும் வெளிப்படுகிறது.

இக்கருவி பிறந்ததே வசதியற்ற இடத்தில்தான். நியூயார்க் நகரத்துக் குடிநீர் இலாகாவில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், பூமிக்கடியில் செல்லும் குழாய்களின் இணைப்புகளில் போல்ட்டுகள் அளவு மீறி இறுக்கப்படுவதைத் தடுப்பதற்காக 1918-இல் இதை உருவாக்கினார் என்பர். தொழிலாளியின் தோள்வலிமையைச் சாராத ஒரு பிரமாணம் கிடைத்தது பெரிய சாதகம். ஏனெனில், அநுபவம் முதிர்ந்த மேஸ்திரியின் கைகூட, நேராக நின்று இழுக்கும்போது உணர்வதை, பானெட்டுக்குள் கவிழ்ந்து ஒற்றைக் கையால் இழுக்கும்போது உணர்வதில்லை. ஹெட் போல்ட்டுகளுள் ஒன்று தளர்ந்திருந்தாலும் கேஸ்கெட் அவ்விடத்தில் கசியும். ஒன்று மிகுந்து இறுகினால் அலுமினியத்தில் மரை பிய்ந்துபோகும்.

நேரான எக்ஸ்டென்ஷன் கம்பி, போல்ட்டின் அச்சிலேயே நிற்குமளவும், எவ்வளவு நீளமாயினும் அளவை மாற்றுவதில்லை. அதன் தலையை மறு கையால் தாங்கி நிதானமாக இழுத்தால் போதும். ரெஞ்சின் முனையில் பொருத்திப் போல்ட்டைப் பக்கவாட்டிலிருந்து பற்றும் திறந்த வாய்த் தலையின் விஷயம் வேறு. 40 சென்டிமீட்டர் கைநீளமுள்ள ரெஞ்சில் அது 5 சென்டிமீட்டர் நேரே முன்னோக்கி நீளுமாயின், 90 நியூட்டன்-மீட்டர் வேண்டுமிடத்தில் 80 என்றே வைத்து இழுக்க வேண்டும். மறந்து 90 என வைத்தால் போல்ட்டுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 101. அதே தலையை ரெஞ்சுக்குச் செங்கோணமாகத் திருப்பிப் பொருத்தினால் கணக்கே தேவையில்லை. இடம் அநுமதிக்குமானால் இதுவே சிறந்த வழி. யூனிவர்சல் ஜாயின்ட்டை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 30 பாகை வளைவில் அது 100-ஐ, தான் திரும்பி நிற்கும் நிலைக்கேற்ப 87 முதல் 115 வரை எதுவாகவும் ஆக்கிவிடும். அந்த நிலையைக் கண்ணால் காணமுடியாத இடத்திலன்றோ அதை எடுக்கிறோம்?

இத்தனை கணக்கும் சரியாகச் செய்தபின்னும் மூலப் பிரச்சினை அப்படியே நிற்கிறது. நாம் அளப்பது முறுக்கு. நமக்கு வேண்டியதோ போல்ட் நீண்டு இழுபட்டு இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கும் பலம். செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி போல்ட் தலையின் அடியிலும், நூற்றுக்கு நாற்பது பங்கு மரையிலும் உராய்வாகவே செலவாகி, எஞ்சிய பத்துப் பங்கே போல்ட்டை இழுக்கிறது. உலர்ந்த மரைக்கென விதித்த அளவை எண்ணெய் பூசிய மரையில் பிரயோகித்தால், இழுவிசை மூன்றில் ஒரு பங்குவரை கூடிவிடக்கூடும். நல்ல ரெஞ்சுக்கு நூற்றுக்கு 4 பிழையே அநுமதிக்கப்படுகிறது. துருவும் பழைய கரியும் படிந்த மரையோ அதனினும் பன்மடங்கு பிழையை மௌனமாகச் சேர்த்துவிடுகிறது. ஆகவே, விலையுயர்ந்த ரெஞ்சை வாங்கிவிட்டு மரையைத் துடைக்காதவனைவிட, சாதாரண ரெஞ்சோடு மரையைச் சுத்தம் செய்பவனே உண்மைக்கு நெருங்கியவன் என்பது என் அபிப்பிராயம்.

இடுக்கில் மற்றொரு சூக்ஷ்மமான தோஷமும் உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. வீச்சுக்கு இடமின்றி, ராட்செட்டைச் சிறுசிறு துண்டாகத் திருப்பும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் நின்றுபோன போல்ட்டை மறுபடி அசைக்க வேண்டியிருக்கிறது. நின்ற பொருளின் உராய்வு நகரும் பொருளின் உராய்வைவிட அதிகமாதலால், போல்ட் அசையுமுன்பே ரெஞ்ச் 'கிளிக்' என்று ஒலித்து, வேலை முடிந்துவிட்டதென நம்பச் செய்கிறது. இதற்குப் பரிகாரம், வீச்சின் தொடக்கத்திலிருந்தே கடைசி இழுப்பைத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் முடிப்பது. ஒருமுறை ஒலித்தபின் உறுதிக்காக மீண்டும் இழுத்துப் பார்க்கும் வழக்கமும் எதையும் நிரூபிப்பதில்லை. அது நின்ற உராய்வைத்தான் அளக்கிறது.

முதலில் சிறிய அளவுக்கு இறுக்கி, பின்னர் 90 பாகை, மீண்டும் 90 பாகை எனக் கோணத்தால் திருப்பும் முறை உராய்வின் ஆதிக்கத்தைப் பெரிதும் குறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தலையில் கோணத்தைக் காண்பதே கடினமாகையால், அங்கே சாக்கெட்டின் மேல் பெயின்ட் கோடு இட்டுக்கொள்வது அவசியம். எனினும், எந்த முறையை மேற்கொண்டாலும், பின்கோடிப் போல்ட்டின் துளையை ஹெட்டைத் தூக்கி வைக்குமுன்பே சுத்தம் செய்துவிட வேண்டும். அடைபட்ட துளையில் எண்ணெய் தேங்கிக் கிடந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தி பிளாக்கையே விரிசலுறச் செய்யக்கூடும். எஞ்சின் கையேடுகளைத் தொகுப்போர், முறுக்கு எண்ணுக்கு அருகிலேயே, அதே பெரிய எழுத்தில், மரை உலர்ந்திருக்க வேண்டுமா எண்ணெய் பூசப்பட வேண்டுமா என்பதையும் அச்சிடும்படி நான் வற்புறுத்துவேன்.