பெரிய பகா எண், சிறிய செய்தி

2024 அக்டோபரில் லூக் டியூரன்ட், பல நாடுகளின் தரவு மையங்களில் ஜிபியூக்களை ஓட்டி, அதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டறிந்தார். இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, 4,10,24,320 இலக்கங்கள். இத்தகைய எண்களே நம் வங்கிக் கணக்குகளைக் காக்கின்றன என்று இவ்வேட்டைக்குப் பரிந்து பேசுபவர்கள் உண்டு. அது தவறு. வங்கிகள் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ மறையாக்க முறைக்கு முந்நூறு, அறுநூறு இலக்கப் பகா எண்களே போதும். அவை ரகசியமாகவும் இருக்க வேண்டும். ஊரறிந்த எண் எதையும் பூட்டாது.

இந்த வேட்டையை நடத்தும், ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய கிம்ப்ஸ் திட்டம் சாதாரண மக்களைக் கணிதத் தேடலுக்குள் அழைத்து வந்தது. அதன் மென்பொருளை ஓட்டியபோதுதான் இன்டெல் ஸ்கைலேக் சில்லில் இருந்த பிழை வெளிப்பட்டது. இவற்றை மறுக்கவில்லை.

என் ஆட்சேபம் வேறு. எங்கே தேடுவது என்பதை இங்கே முடிவு செய்வது சோதனையின் எளிமை மட்டுமே. 127ஐப் பாருங்கள், இரண்டின் ஏழாம் அடுக்கில் ஒன்று குறைவு. 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கித்து, இரண்டைக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை எழுதினால் 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாம் படியில் சுழி விழுந்துவிட்டது. 127 பகா எண். லூக்கா, லேமர் இருவரும் தந்த இந்தச் சோதனை அத்தனை அழகு. ஆனால் இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த மெர்சென் வடிவ எண்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே சாதனைப் பட்டியலின் உச்சியில் மெர்சென் எண்களே வந்து உட்காருகின்றன.

இதற்கு முந்தைய சாதனை 2018இல் வந்தது, 2,48,62,048 இலக்கங்கள். அந்த எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை எழுதினாலே அது நான்கு கோடி இலக்கம் ஓடும். டியூரன்டின் அறிவிப்பு வந்த நாளில் அவற்றில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. அந்தப் பெருங்கூட்டத்தின் இயல்பு பற்றி இந்த ஒற்றை எண் என்ன சொல்கிறது? ஒன்றும் இல்லை.

தரவு சேர்ந்தால் விதி புலப்படும் என்பார்கள். சேர்ந்திருப்பவை 52 மெர்சென் பகா எண்கள். அடுக்கு இருமடங்காகும்போது சராசரியாக 1.78 மெர்சென் பகா எண்கள் தென்படும் என்ற ஊகம் ஏற்கெனவே இருக்கிறது. 53ஆவது எண் அதை நிறுவவும் செய்யாது, வீழ்த்தவும் செய்யாது. அவை முடிவின்றி வருமா என்பதே தெரியவில்லை. பகா அடுக்கு கொண்ட மெர்சென் எண்களில் பகு எண்கள் முடிவின்றி வருமா என்பதையும் இதுவரை யாரும் நிறுவவில்லை. இந்த அறியாமையில் எத்தனை ஜிபியூக்கள் ஓடினாலும் ஓர் அணுவும் குறையாது. எஞ்சுவது மின்சாரச் செலவு.

2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா என்பதை, இலக்கங்கள் கூடக்கூட வேலை கட்டுமீறிப் பெருகாத வழியில், ஊகம் எதையும் நம்பாமல் தீர்மானிக்கலாம் என்று நிறுவினார்கள். நடைமுறையில் அது மெதுவான முறை; சாதனை வேட்டைக்கு உதவாது. ஆனாலும் பகா எண்களைப் பற்றிய நம் அறிவு அன்று உண்மையிலேயே வளர்ந்தது.

பத்து கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் கண்டறிபவருக்கு எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 1,50,000 டாலர் அறிவித்திருக்கிறது. நீளத்துக்கு வைத்த அந்தத் தொகையை, மெர்சென் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பதை நிறுவுபவருக்குக் கொடுக்கட்டும்.