கதிர் ஏபி, கதிர் பிஏ: இரண்டும் ஒன்றா?

கோடு, கதிர், கோட்டுத்துண்டு மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டு, படமும் குறியீடும் கொடுத்து, 'மனனம் செய்க' என்று முடித்துவிடும் பயிற்சித்தாள்கள் நம்மிடையே நிறைய உலவுகின்றன. பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால், ஏன் அப்படிப் பெயரிடுகிறோம் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. குறை அங்கேதான்.

ஒரு கோட்டில் ஏ, பி, சி என்ற புள்ளிகளை இதே வரிசையில் குறியுங்கள். கோட்டுத்துண்டை ஏபி என்றாலும் பிஏ என்றாலும் ஒன்றுதான். கதிர் அப்படியில்லை. அதன் பெயரில் முதல் எழுத்து புறப்படும் இடம். இரண்டாவது எழுத்து, போகும் வழியில் இருக்கும் ஒரு புள்ளி. ஆகவே கதிர் ஏபி வேறு, கதிர் பிஏ வேறு. ஆனால் கதிர் ஏபியும் கதிர் ஏசியும் ஒன்றே! இரண்டும் ஏ-யில் புறப்பட்டு ஒரே பக்கம்தானே போகுது? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மனனம் செய்தவர் யார், புரிந்துகொண்டவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

சொல்லே இங்கே கைகொடுக்கும். சூரியக் கதிருக்குப் புறப்படும் இடம் உண்டு, திசை உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

இயற்கணிதத்திலும் இதே கதைதான். ஒரு பேனா 3 ரிங்கிட் என்றால், 'ப' பேனாக்களின் விலை 3ப ரிங்கிட். 'ப' என்றால் என்ன? 'பேனா' என்று மாணவர் சொன்னால் விட்டுவிடாதீங்க. அது பேனாக்களின் எண்ணிக்கை; ஓர் எண். 2 ஆகலாம், 10 ஆகலாம். மாறுவதால்தான் அது மாறி. அதைப் பெருக்கி நிற்கும் 3, கெழு.

தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் 1-க்குப் போகும் மாணவர், மாறியை மலாய்மொழியில் 'பெம்போலே உபா' என்று சந்திப்பார். 'உபா' என்றாலும் மாற்றம்தான். கருத்து தெளிவாக இருந்தால் புதுச் சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். வெறும் சொல்லை மனனம் செய்தவரோ முதலிலிருந்து தொடங்கணும்.

ஆசிரியர்களே, அடுத்த பயிற்சித்தாளில் 'பெயரிடுக' என்பதற்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு கேள்வி சேருங்கள். மாணவர்களே, விடையில் கதிரின் பெயரை எழுதுமுன், அது எங்கே புறப்படுகிறது என்று ஒருமுறை படத்தைப் பாருங்க.