இணையதளத்தின் நம்பகத்தன்மை: கேள்விப் பட்டியல் முறையின் போதாமை

இணையதளங்களை மதிப்பிடக் கற்பிக்கப்படும் முறைகளில் பரவலானது கேள்விப் பட்டியல். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லி 2004-ல் உருவாக்கிய பட்டியல் இவற்றுள் புகழ்பெற்றது. தகவலின் காலம், பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம் ஆகிய ஐந்தையும் ஆராயும்படி அது சொல்கிறது. கேள்விகளில் குறையில்லை. ஆனால் படிப்பவர் அவற்றுக்கான விடைகளை அந்தத் தளத்துக்குள்ளேயே தேடுகிறார். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை எழுதியவர் யார்? தளத்தின் உரிமையாளர்தான்.

மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரையே முகவரியாகக் கொண்டு, '.ஆர்க்' என முடியும் தளம் ஒன்று 1999 முதல் பல ஆண்டுகள் இயங்கியது. மாணவர்களுக்கான தகவல் தளம்போலவே அது தோற்றமளித்தது. உண்மையில் அதை நடத்தியது ஸ்டார்ம்ஃபிரண்ட் என்னும் வெள்ளை இனவாதத் தளம். கிங்கை இழிவுபடுத்துவதே நோக்கம். '.ஆர்க்' முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்பது பலருக்கு இன்றும் தெரியாது. பூட்டுக் குறியும் அப்படியே. நம் உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. மோசடித் தளங்களுக்கும் பூட்டு உண்டு. 2023-ல் கூகுள் குரோம் அக்குறியை நீக்கியதற்கு இந்தத் தவறான புரிதலும் காரணம்.

ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு பட்டியல் முறையின் குறையைத் தெளிவாகக் காட்டியது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் அதில் பங்கேற்றனர். குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு அமைப்புகளின் தளங்கள் அவர்களிடம் தரப்பட்டன. ஒன்று 1930-ல் தொடங்கிய பெரும் சங்கம். மற்றது தன்பாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை எதிர்த்து 2002-ல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவையே நம்பினர். வரலாற்றறிஞர்களிலும் சிலர் தடுமாறினர். சரிபார்ப்பாளர்கள் ஏமாறவில்லை. அவர்கள் தளத்தை ஊன்றிப் படிக்கவே இல்லை என்பதுதான் சுவையானது. உடனே வெளியேறி, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர்.

இம்முறையைத் தமிழில் கையாளும்போது ஓர் இடர் உண்டு. ஒரு மூலிகை நீரிழிவைக் குணமாக்கும் என்ற செய்தியைத் தேடினால் பத்துத் தளங்கள் ஒரே குரலில் ஆமோதிக்கும். அவற்றைப் பத்துச் சான்றுகளாக எண்ணி மாத்திரையை நிறுத்துபவர் உயிரோடு விளையாடுகிறார். பத்திலும் அதே வாக்கியங்கள், சில வேளை அதே எழுத்துப்பிழைகள்! சுவடிகளை ஒப்பிட்ட பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதல்ல: ஒரே பிழையைச் சுமக்கும் படிகளை அவர்கள் ஒரே மூலத்தின் வழிவந்தவையாகவே கொண்டனர்.