விலை சொல்லும் வாய்

எங்கள் கீரனூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு ஓரமாக நிற்பார். ஏலம் விடுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். விளைவித்தவருக்கு அங்கே பேச்சில்லை. தக்காளிக்கு வாய் கிடையாது, போகட்டும். பந்து வீசுகிறவருக்கு உண்டே!

ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அது ஏலம் செய்த நன்மை, மறுக்கவில்லை. மறு ஆண்டே ஹைதராபாத் அணிக்கு 40 லட்சத்துக்குப் போனார். 2020-இல் யார்க்கர் பந்துகளால் பேர் வாங்கி 16 விக்கெட் வீழ்த்தினார். அந்த ஆட்டத்துக்கும் கூலி 2018-இல் விழுந்த விலைதான். 'என் பந்து இன்று இவ்வளவு பெறும்' என்று சொல்ல அவருக்கு ஒரு சபை இல்லை. 2022 ஏலத்தில் 4 கோடி. 2024-இல் டெல்லி அணி கொடுத்தது 10.75 கோடி. ஏறியதும் இறங்கியதும் பிறர் வாயால்.

அமெரிக்க பேஸ்பாலில் 1974 முதல் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆடியவர், ஆறாண்டு முடிந்து விருப்பப்பட்ட அணிக்குப் போகும் உரிமை வருகிறவரை, சம்பளம் ஒத்துவராவிட்டால் நடுவர்களிடம் போகலாம். அணி ஒரு தொகை சொல்லும். ஆட்டக்காரர் ஒன்று சொல்வார். மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றை அப்படியே எடுக்கவேண்டும், நடுவில் வெட்டக்கூடாது. மிதமிஞ்சிக் கேட்டவர் தோற்பார் என்பதால் இருவருமே அளவாகக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் அதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்கிறார்கள்.

இதிலும் கசப்பு உண்டு. 2023-இல் மில்வாக்கி அணியின் பந்துவீச்சாளர் கார்பின் பர்ன்ஸ் கேட்டதற்கும் அணி சொன்னதற்கும் வித்தியாசம் 7,40,000 டாலர். அவர் தோற்றார். தோல்வியைவிட, தம்மைக் குறைத்து அணியார் பேசியதே நோகடித்ததாகச் சொன்னார். மறு ஆண்டு அவர் வேறு அணியில் இருந்தார். சோறு போடுகிற வீட்டாரே சபையில் குறை படித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனாலும் நான் அந்தச் சபையின் பக்கமே. பர்ன்ஸ் வாய் திறந்து தோற்றார். நடராஜன் வாய் திறக்காமலேயே தோற்றார், வென்றார். உழைத்தவன் கேட்ட விலை கிடைக்காமல் போகலாம். அவனைக் கேட்காமலே விலை வைப்பதுதான் அநியாயம்.