ஒரே பிடியில் இரண்டு வீச்சு

பள்ளிகளுக்கிடையிலான ஜூடோ போட்டிக்கு முதன்முறை போகும் எலவனாசூர்கோட்டைப் பிள்ளைக்கு எந்த வீச்சைப் பழக்கலாம்? உச்சி மாட்டா பார்க்க அழகு, ஆனால் அது பிறகு வரட்டும். எனக்குப் பிடித்த ஜோடி சியோய் நாகேயும் கோ உச்சி காரியும். இரண்டுக்கும் ஒரே பிடி: ஒரு கையில் கழுத்துப்பட்டை, மறுகையில் எதிராளியின் சட்டைக்கை. முரட்டுப் பருத்தி விரலில் உரசும். சியோய் நாகேயில், இழுத்தபடியே திரும்பி, முழங்கால் மடக்கி முதுகில் ஏற்றினால் எதிராளி முன்பக்கமாக விழுவார். சுதாரித்துப் பின்னால் சாய்ந்தாரா, இன்னும் நல்லது. கனம் ஏறுகிற அந்தக் குதிகாலை உட்புறமிருந்து வாரிவிடலாம்; அதுதான் கோ உச்சி காரி.

தூக்கிப் போடாமல், வீச்சுக்குள் நுழைவதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யும் உச்சி கோமிப் பயிற்சியைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்: பாயில் பாதம் தேயும் 'சர்', துணி விறைக்கும் 'டப்'. பிறகு தூக்கிப் போட்டுப் பழக, நன்றாக விழத் தெரிந்த தோழர் அமைவது பெரும் கொடுப்பினை.