சுற்றுவழியில் வரும் பணம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கிறது ஆல்பனி. அங்கிருந்து தலைநகர் பெர்த்துக்கு நெடுஞ்சாலையில் நேராகப் போனால் 400 கிலோமீட்டர் சொச்சம்தான். ‘ரைட் ஃபார் யூத்’ சைக்கிள் பயணிகளோ சுற்றி வளைத்து 700 கிலோமீட்டர் மிதிக்கிறார்கள். 2003 முதல் நடந்துவரும் இந்தப் பயணத்தில் திரளும் பணம், இளைஞர்களுக்கு இலவச மனநல ஆலோசனை தரும் யூத் ஃபோகஸ் அமைப்புக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் 15 முதல் 24 வயது வரையிலானவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் தற்கொலையே முதலிடத்தில் நிற்கிறது. ஆகவே நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், மாதாமாதம் சம்பளம் கொடுத்து நடத்த வேண்டிய ஒரு சேவைக்கு, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பயணம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இந்தப் பயணத்தின் பெரிய பலம் அந்தச் சுற்றுவழிதான். வழியில் உள்ள பள்ளிகளில் பயணிகள் இறங்கி, மாணவர்களிடம் மன அழுத்தத்தைப் பற்றியும் உதவி கேட்பதைப் பற்றியும் பேசுகிறார்கள். மனநல மருத்துவர்களும் மையங்களும் பெரும்பாலும் பெர்த்தைச் சுற்றியே இருக்கும் மாநிலம் இது. வியர்வை காயாத ஜெர்சியோடு பள்ளி அரங்கில் நிற்கும் நடுவயதுக்காரர் ஒருவர், தானும் ஒரு காலத்தில் உடைந்துபோனதைச் சொன்னால், சுவரொட்டியைக் கவனிக்காத பையனும் நிமிர்ந்து பார்ப்பான். காசோலையால் மட்டும் இதைச் செய்ய முடியாது.

ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. கேட்டுவிட்டுக் கலங்கி நிற்கும் மாணவனை மறுநாள் யார் பார்ப்பது? பயணிகள் அதற்குள் அடுத்த ஊரை எட்டியிருப்பார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் அந்தப் பள்ளியோடு தொடர்பில் இல்லாவிட்டால், திறந்த காயத்துக்குக் கட்டுப்போட ஆள் இராது.

பணத்தின் கணக்கைப் பார்க்க கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். 1994-இல் டான் பலோட்டா, எய்ட்ஸ் சேவைகளுக்காக சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். கூடாரம், நடமாடும் குளியலறை, சாப்பாடு, விளம்பரம் என்று செலவு ஏறியது. பலன்பெற்ற அமைப்புகளே பிரிந்து, 2002-இல் ‘எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள்’ என்ற பெயரில் தாமே பயணத்தை நடத்தின. பலோட்டாவின் நிறுவனம் அதே ஆண்டு மூடப்பட்டது.

செலவு விகிதத்தை மட்டும் பார்த்துத் தொண்டு அமைப்பை எடைபோடக் கூடாது, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள் என 2013-இல் டெட் (TED) உரை மேடையில் பலோட்டா வாதாடினார். அதில் பாதி நியாயம் உண்டு. செலவே செய்யாமல் பெருந்தொகை திரளாது. மறுபாதியை எய்ட்ஸ்/லைஃப்சைக்கிளின் முடிவு காட்டுகிறது. 30 கோடி டாலருக்கு மேல் திரட்டிய அந்தப் பயணமே, நடத்தும் செலவு கூடி வருவாய் குறைந்ததால் 2025 ஜூனில் கடைசி முறையாகப் புறப்பட்டது. பயணம் நின்றாலும் அந்தச் சேவைகளை நாடி வருபவர்களின் தேவை நிற்கவில்லை.

மாசசூசெட்ஸில் 1980-இல் பில்லி ஸ்டார் தொடங்கிய ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ சைக்கிள் பயணம் இந்தச் செலவுச் சிக்கலுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. பயணிகள் திரட்டும் ஒவ்வொரு டாலரும் முழுதாக டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. நடத்தும் செலவைப் புரவலர்களின் பணமும் பதிவுக் கட்டணமும் ஈடுகட்டுகின்றன. என் பணத்தில் எவ்வளவு போய்ச் சேரும் என்று நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அங்கே மழுப்பல் இல்லை.

இளைஞர் சேவைக்கு இந்த நேர்மையோடு தொடர்ச்சியும் தேவை. ஓர் இளைஞன் ஆலோசகரை நம்பி வாய் திறக்கவே பல வாரங்கள் ஆகலாம். பாதியில் நிதி தீர்ந்து அவர் வேலையை விட்டுப் போனால், அடுத்தவரிடம் அவன் மறுபடி பேசுவான் என்பதற்கு உறுதியில்லை. எனவே பயணத்தை நடத்துபவர்கள் வசூலில் ஒரு பங்கை அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். பயணிகளிடம் நன்கொடை கொடுத்தவர்களை மாதச் சந்தாதாரர்களாக்கவும் முயல வேண்டும். வசூல் தொகையை அறிவிக்கும் அதே நாளில், கடந்து வந்த பள்ளிகளில் எத்தனை பள்ளிகளுக்கு அடுத்த பன்னிரண்டு மாதமும் ஆலோசகர் வந்து போவார் என்பதையும் அவர்கள் அறிவிக்கட்டும்.