500 டாலர் யானை

"ஐந்நூறு டாலருக்கு ஒரு பழைய சொகுசுக் காரை வாங்கி ரேஸ் ஓட்டுறாங்களாமே, நிஜமாவா?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. அந்த ஆமாமில் பாதி பொய். இந்தக் குறிப்பு அந்தப் பாதியைப் பற்றியது. நானும் ஒரு வருடம் அந்தக் கூத்தில் இருந்தவன் என்பதால் என் பங்குக் குற்றத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பிரான்சின் லெ மான் நகரில் 1923 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் தலைவலி தரும் ஓட்டைக் காருக்கு 'லெமன்' என்று பெயர். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஜே லாம் என்பவர் 2006ல் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் ஓடுதளத்தில் தொடங்கியதுதான் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. பெயரில் 24 இருந்தாலும் பெரும்பாலான பந்தயங்கள் சனி, ஞாயிறு பகல்களில் மட்டும் ஓடுபவை. நாலைந்து பேர் கொண்ட அணி, ஒரே கார், மாறி மாறி ஓட்ட வேண்டும்.

மைய விதி ஒன்றுதான். காரை வாங்கி, ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு 500 டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டியதாக நடுவர்கள் நினைத்தால் 10 டாலருக்கு ஒரு சுற்று அபராதம். நடுவர்களுக்கு வெளிப்படையாகவே லஞ்சம் கொடுக்கலாம், அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி. பரிசுப் பணத்தை ஐந்து சென்ட் நாணயங்களாகக் கொடுத்தே பேர் வாங்கியவர்கள் இவர்கள். 500 டாலருக்கு 10,000 நாணயம், எடை 50 கிலோ. ஜெயித்தவன் மூட்டை தூக்க வேண்டும்! ஆனால் அங்கே உயர்ந்த மரியாதை முதலில் வந்தவனுக்கு இல்லை. ஓடவே ஓடாது என்று எல்லோரும் கைவிட்ட வண்டியை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவனுக்குத்தான்.

இதெல்லாம் எனக்குப் பிடிக்கும். பணம் படைத்தவர்களின் விளையாட்டு என்று கதவைச் சாத்தி வைத்திருந்த ஒன்றை இவர்கள் கிண்டல் செய்தே திறந்தார்கள். அந்தப் பெருமையை மறுக்க முடியாது. என் விமர்சனம் அந்த 500 என்ற எண்ணின் மேல்தான். அதைச் சோதித்துப் பார்க்க இறக்குமதி சொகுசு செடானைவிட நல்ல கருவி கிடையாது.

ஏன் என்று பார்ப்போம். 1989ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லெக்சஸ் எல்.எஸ். 400 காரின் தொடக்க விலை 35,000 டாலர். நாலு லிட்டர் வி-8 எஞ்சின், சுமார் 250 குதிரைத்திறன். ஓடும் எஞ்சினின் மேல் மதுக்கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, ஒன்றுகூடச் சரியவில்லை என்று விளம்பரத்தில் காட்டினார்கள். அதற்கு ஓரிரு ஆண்டு முன்பு வந்த பி.எம்.டபிள்யூ. 750ஐ.எல். சுமார் 70,000 டாலர். பன்னிரண்டு சிலிண்டர், 300 குதிரைத்திறன். இருபது ஆண்டு கழித்து இந்த ரகக் கார்கள் பழைய சின்ன ஜப்பான் கார் விலைக்கும் கீழே வந்து நின்றன.

விலை ஏன் இப்படி விழுகிறது? காரின் விலை விழுகிறதே தவிர, அதன் பாகங்களின் விலை விழுவதில்லை. 750ஐ.எல். எஞ்சினை இரண்டு ஆறு சிலிண்டர் எஞ்சின்களை ஒட்டவைத்தது என்றே சொல்லலாம். கட்டுப்பாட்டுக் கணினி இரண்டு, த்ராட்டில் இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இரண்டு. எது கெட்டாலும் 70,000 டாலர் காரின் பாகமாகத்தான் அது விற்கும். 1990களின் முதல் பாதியில் வந்த சில மெர்சிடிஸ் கார்களில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் வறண்டு உதிரும். உறுதிக்குப் பேர் போன எல்.எஸ். 400லேயே பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிந்து, எண்ணெய் ஆல்டர்னேட்டர் மேல் சொட்டும். இதையெல்லாம் சரிசெய்யும் செலவு காரின் சந்தை விலையைத் தாண்டும் நாளில் உரிமையாளர் கைகழுவுகிறார். ஆக, 500 டாலர் என்பது அந்தக் காரின் விலையே இல்லை. முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்ட பராமரிப்பை நம் தலையில் கட்டுவதற்கான கட்டணம்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம் என்பார்கள். இங்கே தலைகீழ். யானை சல்லிசு, அங்குசம்தான் சொத்தைக் கேட்கும்.

இனி விதிப்புத்தகத்துக்கு வருவோம். பாதுகாப்புச் செலவுகளுக்கு 500 கணக்கில் விலக்கு உண்டு. உள்ளே பற்றவைக்கும் இரும்புக் கூண்டு, பந்தய இருக்கை, பெல்ட், தீயணைப்பான், மின் துண்டிப்பு ஸ்விட்ச், ஓட்டுநரின் ஹெல்மெட், தீ தாங்கும் உடை, கழுத்துக் காப்பு எல்லாம் கணக்குக்கு வெளியே. பிரேக், சக்கரம், டயரும் அப்படியே. மிக நியாயமான விதி. ஆனால் விளைவு என்ன? கூண்டு ஒன்றே காரின் விலையைப் போலப் பல மடங்கு. நுழைவுக் கட்டணம், பெட்ரோல், காரை இழுத்துவரும் வண்டி என்று கூட்டினால் ஒரு வார இறுதிக்கு ஆயிரங்களில் போகும். "ஐந்நூறு டாலர் ரேஸ்" என்று பேட்டி கொடுப்பவர் பல ஆயிரம் டாலர் உபகரணத்துக்குள் உட்கார்ந்துதான் கொடுக்கிறார். வறுமையை வேஷமாகப் போட்டுக்கொள்ளவும் கையில் காசு வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னால், "அட விடுப்பா, அது ஒரு ஜோக்கு. எல்லாருக்கும் தெரியும்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நாலு பேர். வாங்கிய சொகுசு செடான் எது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நடந்தது காரின் குற்றமில்லை. காரிலிருந்து கழற்றிய பாகங்களை விற்றுச் செலவை ஈடுகட்ட விதி இடம் தருகிறது. தோல் இருக்கைகளையும் மரப்பட்டைகளையும் ஸ்டீரியோவையும் விற்றோம். கணக்கு 410 டாலரில் வந்து நின்றது. அந்த 410ஐ எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்போம்! முந்தின இரவு ஒருவன் கேட்டான், "பிரேக் ஆயில் மாத்திரலாமா?" இன்னொருவன், அது நான்தான், சொன்னேன்: "பெடல் நல்லாத்தானே இருக்கு. ஓடும்."

கணக்கைப் பாருங்கள். 1,700 கிலோ கார் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கும்போது கழியும் ஆற்றல் சுமார் 1.26 மெகாஜூல். நாலு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இதில் பெரும்பகுதி, ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு பெரிய வளைவுக்கு முன்னாலும், பிரேக்கில்தான் இறங்குகிறது. ஆயிரம் கிலோ சின்ன காருக்கு 0.74 தான். பிரேக் திரவம் வேறு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

ஞாயிறு மதியம் அதுதான் நடந்தது. நேர்ப்பாதையின் முடிவில் நண்பன் மிதித்தான், ஒன்றும் இல்லை. காரைச் சரளைக்குள் திருப்பி, டயர்ச் சுவரில் பக்கவாட்டில் மோதி நின்றான். கூண்டும் பெல்ட்டும் காப்பாற்றின. தோளில் பட்டை பட்டையாகக் கன்றிப்போனதோடு தப்பினான். முந்தின நாள் சோதகர்கள் கூண்டைப் பார்த்தார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள். திரவத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? பிட்டில் நின்ற அவன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எவ்வளவுண்ணா மிச்சம் புடிச்சீங்க?"

பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது மிச்சமே இல்லை. பிரேக் செலவுக்குத்தான் விலக்கு இருக்கிறதே! நாங்கள் புது ஆயில் ஊற்றியிருந்தால் 410 அப்படியே 410ஆகத்தான் இருந்திருக்கும். விதிப்புத்தகத்தில் விலக்கு இருந்தது, எங்கள் தலைக்குள் இல்லை. ஐந்நூறு என்ற எண் கணக்குப் புத்தகத்தைவிட மனதில்தான் அதிகம் வேலை செய்கிறது. அது கஞ்சத்தனத்தைக் கெட்டிக்காரத்தனமாகக் காட்டுகிறது. என் விமர்சனத்தின் மையம் இதுதான்.

மாற்று இல்லாமலில்லை. இதே பாணியில் 'சம்ப்கார்', அதாவது ஏமாளி கார், என்று தொடங்கிய இன்னொரு போட்டித் தொடர், டாலர் கணக்கை விட்டுவிட்டு மாடல்வாரியான புள்ளிக் கணக்குக்கு மாறியது. பெயரையும் 'சாம்ப்கார்' என்று திருத்திக்கொண்டது. நேர்மையான வழி. ஆனால் அதில் பழைய சிரிப்பு குறைவு. லெமன்ஸிடம் நான் அந்தச் சிரிப்பைப் பறிக்கச் சொல்லவில்லை. 500ஐ வைத்துக்கொள்ளட்டும். கூடவே, மொத்தம் செலவானது எவ்வளவு என்ற இரண்டாவது எண்ணையும் ஒவ்வொரு காரின் கதவிலும் எழுதச் சொல்லலாம். புதிதாக வருகிற பையன் முதல் எண்ணைப் பார்த்து ஆசைப்படுவான், இரண்டாவதைப் பார்த்துத் தயாராவான்.

அந்த நண்பர் மறுபடி கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: ஓட்டுறாங்க, ஆனா ஐந்நூறுக்கு இல்லை. வாங்கணும்னு தோணிச்சுன்னா முதல்ல எங்கிட்ட வாங்க, பிரேக் ஆயில் மாத்திட்டு அப்புறம் பேசுவோம்.